மக்காச்சோள மாவுல ஈஸ்ட் பிரெட்: பேக்கிங் பவுடரை எடுத்துட்டு ஈஸ்ட் போட்டா சரியா வருமா?

ரொட்டிப்பிரியை:
எல்லாருக்கும் வணக்கம். இத்தனை நாளா படிச்சிட்டு மட்டும் போயிட்டிருந்தேன், இப்பதான் முதல் கேள்வி கேக்குறேன், கொஞ்சம் நீளமா இருக்கும் பொறுத்துக்கோங்க. கார்ன் பிரெட் நான் அடிக்கடி பண்ணுவேன். மக்காச்சோள மாவு ஒரு கப், மைதா ஒரு கப், முட்டை, மோர், வெண்ணெய், பேக்கிங் பவுடர் எல்லாம் கலந்து ஓவன்ல வச்சா அரை மணி நேரத்துக்குள்ள ரெடி, ருசிக்கு ஒரு குறையும் இல்ல. ஆனா மெல்லிசா ஸ்லைஸ் போட்டு நடுவுல எதாவது வச்சு சாப்பிடலாம்னு பாத்தா கத்தி பட்ட உடனே உதிர்ந்து போகுது. எனக்கு அந்த மஞ்சள் நிறமும் சோள வாசமும் வேணும், ஆனா கடையில வாங்குற பிரெட் கணக்கா வளையணும், டோஸ்ட் பண்ணா உடையக்கூடாது.

வீட்ல இன்ஸ்டன்ட் ஈஸ்ட் இருக்கு. அதே கலவையில பேக்கிங் பவுடரை எடுத்துட்டு ஈஸ்ட் போட்டா போதுமா? ரெசிப்பி தேடினா தலை சுத்துது. ஒண்ணுல மக்காச்சோள மாவு பாதிக்குப் பாதி, இன்னொண்ணுல கால் பங்கு கூட இல்ல. ஒருத்தங்க கொதிக்கிற தண்ணி ஊத்தி வைக்கச் சொல்றாங்க, இன்னொருத்தங்க அப்படியே உலர்ந்த மாவா கலக்கச் சொல்றாங்க. எதுக்கு எது, ஏன்னு காரணத்தோட யாராவது சொன்னா புண்ணியமா போகும்.

சும்மாவந்தவன்:
போடலாம் சிஸ், யாரும் தடுக்கப் போறதில்ல, ஆனா பிரெட் வராது :) விளக்கம் சொல்ல பெரியவங்க வருவாங்க. நான் ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறேன், உங்ககிட்ட இருக்கிறது மஞ்சளா, தொட்டா லேசா நறநறன்னு இருக்கிற மாவுதானே? வெள்ளையா, விரல்ல தேச்சா வழவழன்னு இருந்தா அது சூப் கெட்டியாக்குற ஸ்டார்ச், அதை வச்சு இதுல எதுவும் பண்ண முடியாது. இந்த ரெண்டையும் மாத்திப் போட்டுட்டு ரெசிப்பி சரியில்லன்னு திட்டுறவங்க இங்க வாரத்துக்கு ஒருத்தர் வர்றாங்க.

மாவுக்கை:
நல்ல கேள்வி, அதுவும் காரணம் வேணும்னு கேட்டதால கொஞ்சம் விரிவாவே சொல்றேன் சகோதரி.

ஈஸ்ட் உயிருள்ளது, மாவுல இருக்கிற சர்க்கரையைத் தின்னு கார்பன் டை ஆக்சைடை மெதுவா விடும், ஒரு மணி நேரம் ரெண்டு மணி நேரம்னு ஆகும். அவ்வளவு நேரமும் அந்த வாயுவைப் பிடிச்சு வைக்க ஒரு வலை வேணும் இல்லையா, அந்த வலைதான் குளூட்டன். கோதுமை மாவுல தண்ணி சேர்த்துப் பிசையும்போது அதுல இருக்கிற ரெண்டு வகை புரதம் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து இழுத்தா நீளுற வலையா மாறும். மக்காச்சோளத்துலயும் புரதம் இருக்கு, ஸெயின்னு பேரு, ஆனா சாதாரணமா தண்ணி விட்டுப் பிசைஞ்சா அது இப்படி வலை கட்டாது. அதனால ஈஸ்ட் என்னதான் வேலை பாத்தாலும் வாயு மேல வந்து வெளிய போயிடும், மாவு நுரைச்சு அமுங்கி, கடைசியில அடர்த்தியா புளிப்பா ஒண்ணு கிடைக்கும்.

பேக்கிங் பவுடர் கதையே வேற. ஈரம் பட்ட உடனே கொஞ்சம் வாயு, ஓவன் சூட்டுல மிச்ச வாயு, எல்லாம் சில நிமிஷத்துல முடிஞ்சிடும். அந்த நேரத்துக்குள்ளயே முட்டையும் ஸ்டார்ச்சும் வெந்து இறுகிடுறதால வாயு போனாலும் ஓட்டை அப்படியே நிக்கும், வலை தேவையே இல்ல. உங்க கார்ன் பிரெட் உதிர்றதுக்கும் இதேதான் காரணம். வலை இல்லாததாலதான் அது மெத்துன்னு இருக்கு, வலை இல்லாததாலதான் உதிருது. அதைக் குறையா நினைக்காதீங்க, அந்தப் பண்டத்தோட குணமே அதுதான்.

ஆக பேக்கிங் பவுடரை எடுத்துட்டு ஈஸ்ட் போடுறதுங்கிற வழியே கிடையாது. தலைகீழா யோசிங்க, நல்ல ஈஸ்ட் பிரெட் மாவை எடுத்துக்கிட்டு அதுல எவ்வளவு மக்காச்சோளத்தைத் தாங்க வைக்க முடியும்னு பாக்கணும். என் அனுபவத்துல மொத்த மாவுல 20 சதவீதம் வரைக்கும் பிரெட் சாஃப்டா வளையும், 25 வரைக்கும் பரவால்ல, அதுக்கு மேல போகப் போக உயரம் குறையும்.

கொதிக்கிற தண்ணி ஊத்துறது ஏன்னா, மக்காச்சோள மாவு தண்ணியை ரொம்ப மெதுவாத்தான் உறிஞ்சும். உலர்ந்தபடியே கலந்தா பிசையும்போது மாவு சரியா இருக்கிற மாதிரி தெரியும், அப்புறம் ஒவ்வொரு துகளும் பக்கத்துல இருக்கிற தண்ணியை இழுக்க ஆரம்பிச்சு பிரெட் வறண்டு போகும், கடிச்சா மணல் மணலா இருக்கும். அது மட்டும் இல்ல, ஊறாத துகளுக்கு விளிம்பு கூர்மை, பலூன் மேல முள்ளை உரசுற கதைதான், குளூட்டன் வலையை அங்கங்க அறுத்து விடும். கொதிக்கிற தண்ணி ஊத்தி வச்சீங்கன்னா துகள் மெதுவாகி ஸ்டார்ச்சும் பாதி வெந்து கூழாயிடும், அந்தக் கூழ் தண்ணியை நல்லா பிடிச்சு வச்சுக்கும், பிரெட் மறுநாளும் ஈரப்பதமா இருக்கும். ரொம்ப நைசா அரைச்ச மாவுன்னா இல்லாமயும் ஒப்பேத்தலாம், ரவை பதத்துல இருந்தா கட்டாயம் ஊத்தணும்.

அந்தக் கூழை ஆற வைக்காம மட்டும் ஈஸ்ட் சேர்த்துடாதீங்க. 55, 60 டிகிரி செல்சியஸ்ல ஈஸ்ட் செத்துடும். மேல ஆறின மாதிரி இருக்கும், நடுவுல விரலை விட்டா சுடும், கூழ் அப்படித்தான் ஏமாத்தும். தட்டுல பரப்பி ஆற வச்சா சீக்கிரம் ஆறும்.

அடுப்படிவாசி:
மாவுக்கை அண்ணே சொன்னது எல்லாம் சரி, ஆனா அந்த 20 சதவீதத்தை சட்டம் மாதிரி ஆக்கிடாதீங்க. வடக்கு போர்ச்சுகல்ல ப்ரோவான்னு ஒரு ரொட்டி இருக்கு, அதுல மக்காச்சோளம் பாதி, சில பேர் பாதிக்கு மேலயே போடுவாங்க, கூட ரைங்கிற தானியத்தோட மாவோ கோதுமையோ சேரும், ஈஸ்ட்லயோ புளிச்ச மாவுலயோதான் உப்ப வைப்பாங்க. அவங்களும் கொதிக்கிற தண்ணி ஊத்தித்தான் ஆரம்பிப்பாங்க. மேல மாவு தூவி உருட்டி வைக்கிறதால வேகும்போது தோல் பாளம் பாளமா வெடிச்சு வரும், பாக்கவே அழகு. உள்ள அடர்த்தியாத்தான் இருக்கும், அது அவங்களுக்குக் குறையே இல்ல, சூப்ல தோய்ச்சு சாப்பிட அந்த அடர்த்திதான் வேணும்.

அதனால மக்காச்சோளம் நிறைய போடக்கூடாதுன்னு இல்ல, நிறைய போட்டா வேற ரொட்டி வரும். ரொட்டிப்பிரியை கேக்குறது வளையுற ஸ்லைஸ், அதுக்கு அண்ணன் சொன்ன அளவுதான் சரி. அவங்க தேடுறதுக்கு ரொம்பக் கிட்ட வர்றது அனடாமா பிரெட், அமெரிக்காவோட நியூ இங்கிலாந்து பக்கம் பண்றது, மக்காச்சோள மாவைக் கூழாக் காய்ச்சி அதுல மொலாசஸ்ங்கிற கருப்பான கரும்புப் பாகை ஊத்தி, கோதுமை மாவும் ஈஸ்ட்டும் சேர்த்துப் பிசைஞ்சு டின்ல வேக வைப்பாங்க. லேசான பழுப்பு நிறம், லேசான இனிப்பு, டோஸ்ட்டுக்குன்னே பிறந்தது. மஞ்சள் நிறம்தான் முக்கியம்னா மொலாசஸை விட்டுட்டு தேன் போடுங்க.

ரொட்டிப்பிரியை:
அய்யோ இவ்வளவு விவரமா யாரும் சொன்னதே இல்ல, ரெண்டு பேருக்கும் நன்றி. சும்மாவந்தவன் ப்ரோ, என்கிட்ட இருக்கிறது மஞ்சள் மாவுதான், கொஞ்சம் கொரகொரன்னு இருக்கும். கிராம் கணக்குல அளவு சொன்னா நல்லாருக்கும், தராசு இருக்கு. இன்னொரு சந்தேகம், எங்க சொந்தத்துல ஒரு பொண்ணுக்கு கோதுமை ஒத்துக்காது, டாக்டர் குளூட்டனே தொடக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க. மக்காச்சோள பிரெட்னா அவளுக்கும் குடுக்கலாம்னு நினைச்சிட்டு இருந்தேன், நீங்க சொல்றதைப் பாத்தா 80 சதவீதம் கோதுமை மாவு வருதே?

நிலாமுற்றம்:
தோழி, குடுக்காதீங்க. கோதுமை ஒரு பிடி இருந்தாலும் அவங்களுக்கு ஆகாது, 20 சதவீதம் குறைச்சிட்டோம்ங்கிற கணக்கெல்லாம் அங்க செல்லாது. ரை, பார்லியும் அதே கூட்டம்தான், அதனால மேல சொன்ன ப்ரோவாவும் வேண்டாம். மக்காச்சோளத்துல இயல்பா அந்த குளூட்டன் கிடையாது, ஆனா கோதுமை அரைக்கிற மிஷின்லயே அரைச்சிருந்தா கலந்திருக்கும், பாக்கெட்ல குளூட்டன் இல்லன்னு போட்டிருக்கிறதைப் பாத்து வாங்குங்க, பேக்கிங் பவுடர் டப்பாவையும் ஒரு தடவை படிச்சுப் பாருங்க. மைதா கை பட்ட சல்லடை, பிரெட் டின், மரக்கட்டை இதையெல்லாம் அவங்க சமையலுக்கு எடுக்காதீங்க.

அவங்களுக்கு உங்க பழைய கார்ன் பிரெட்டையே மைதா இல்லாம பண்ணலாம். முழுக்க மக்காச்சோள மாவு, நைசா அரைச்சதா இருக்கணும், மாவை மோர்ல ஒரு அரை மணி நேரம் ஊற விட்டு, முட்டை ஒண்ணு கூடுதலா போட்டு, கடைசியா பேக்கிங் பவுடர் கலந்து உடனே ஓவன்ல வச்சிடுங்க. இன்னும் கொஞ்சம் பிடிப்பு வேணும்னா இசப்கோல் உமியைத் தண்ணில கரைச்சா ஜெல்லா ஆகும் பாருங்க, ஒரு ஸ்பூன் அதைச் சேருங்க. உதிர்றது குறையும், மெல்லிசா ஸ்லைஸ் எல்லாம் எதிர்பாக்காதீங்க, சதுரமா வெட்டிக் குடுத்துடுங்க.

பழையஏடு:
கொஞ்சம் தலைப்பை விட்டு விலகுறேன், மன்னிக்கணும். மாஸா ஹரினான்னு ஒரு மக்காச்சோள மாவு விக்குது, அதைப் பாத்துட்டு இதுவும் அதுவும் ஒண்ணுன்னு வாங்கிடாதீங்க. அது சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணில வேக வச்சு ஊற வச்சு அரைச்சது, தண்ணி விட்டாலே உருண்டை பிடிக்க வரும், வாசமும் வேற. மெக்சிகோவும் அதுக்குத் தெற்கே இருக்கிற பகுதியும் சேர்ந்த மெசோ அமெரிக்கா மக்கள் ஆயிரக்கணக்கான வருஷமா அப்படித்தான் பண்ணிட்டு வந்தாங்க. ஐரோப்பாக்காரங்க சோளத்தை மட்டும் எடுத்துட்டுப் போனாங்க, சுண்ணாம்பு வித்தையை விட்டுட்டாங்க. விளைவு என்னன்னா, சோளத்துல இருக்கிற நியாசின்ங்கிற வைட்டமின் சுண்ணாம்பு படாம உடம்புல சரியா சேராது, சோளமே கதின்னு சாப்பிட்ட ஏழை ஜனங்களுக்கு பெல்லாக்ரான்னு தோல் வெடிச்சு புத்தி பேதலிக்கிற நோய் வந்துச்சு, முதல்ல ஸ்பெயின், இத்தாலி, அப்புறம் 1900க்குப் பிறகு அமெரிக்காவோட தெற்குப் பகுதி முழுக்க. அது தொத்து நோய் இல்ல, சாப்பாட்டுக் குறைதான்னு காட்ட ஜோசப் கோல்ட்பெர்கர்ங்கிற டாக்டர் 1914ல இருந்து போராடினார், நியாசின்தான் மருந்துன்னு தெரிய 1937 ஆச்சு. இப்ப நம்ம பிரெட்ல 20 சதவீதம் போடுறதால யாருக்கும் ஒண்ணும் ஆகப் போறதில்ல, பயப்படாதீங்க. வாங்கும்போது பாக்கெட்டைப் பாருங்கன்னு சொல்ல வந்தேன், எங்கயோ போயிட்டேன்.

சும்மாவந்தவன்:
பெரியவர் வந்தாலே ஒரு நோயோடதான் வருவார் :) ஆனா இந்த விஷயம் எனக்குத் தெரியாது, தேங்க்ஸ் ஐயா.

மாவுக்கை:
கிராம் கணக்கு கேட்டீங்கல்ல, இதோ. 80 கிராம் மக்காச்சோள மாவுல 160 கிராம் கொதிக்கிற தண்ணி ஊத்தி கட்டி இல்லாம கிளறி மூடி வச்சிடுங்க, நல்லா ஆறட்டும். அப்புறம் 320 கிராம் மைதா, பிரெட்டுக்குன்னு விக்கிற புரதம் கூடின மாவு கிடைச்சா இன்னும் நல்லது, அதோட இன்ஸ்டன்ட் ஈஸ்ட் ஒன்றரை டீஸ்பூன், உப்பு 8 கிராம், தேன் 25 கிராம், வெதுவெதுப்பான பால் ஒரு 100 கிராம் முதல்ல. எல்லாத்தையும் சேர்த்து, கூழையும் போட்டு ஒண்ணாக்கிட்டு 20 நிமிஷம் சும்மா விடுங்க, அதுக்கப்புறம் பிசைய ஆரம்பிச்சு பாதியில 30 கிராம் வெண்ணெய் சேருங்க. கையில ஒட்டும், ஒட்டத்தான் செய்யும், தயவுசெஞ்சு மாவு தூவித் தூவி இறுக்கிடாதீங்க, எல்லாரும் கெடுக்கிறது இந்த இடத்துலதான். பத்து நிமிஷம் பிசைஞ்சா தானா பாத்திரத்தை விட்டு விலகும். ரொம்ப இறுக்கமா தெரிஞ்சா பால் இன்னும் 10, 20 கிராம் விடுங்க, ஒவ்வொரு மாவும் ஒவ்வொரு மாதிரி தண்ணி குடிக்கும்.

மூடி வச்சு ரெண்டு மடங்கு ஆகட்டும். கடிகாரத்தைப் பாக்காதீங்க, மாவைப் பாருங்க, வெயில் காலத்துல முக்கால் மணி நேரத்துல வந்துடும், குளிர்ல ரெண்டு மணி நேரம் கூட இழுக்கும். லேசா அமுக்கி வாயுவை எடுத்து, சுருட்டி, எட்டரைக்கு நாலரை இன்ச் லோஃப் டின்ல வைங்க. மறுபடி டின் விளிம்புக்கு ஒரு விரல் மேல வர்ற வரைக்கும் விட்டு, விரலால குத்திப் பாருங்க, பள்ளம் மெதுவா பாதி எழும்பினா ஓவன் நேரம் வந்தாச்சு, டக்குனு எழும்பினா இன்னும் கொஞ்சம் விடணும், எழும்பவே இல்லன்னா நேரம் தாண்டிடுச்சுன்னு அர்த்தம். 190 டிகிரி செல்சியஸ்ல 35 நிமிஷம். தெர்மாமீட்டர் இருந்தா நடுவுல 90லேர்ந்து 93 டிகிரி செல்சியஸ் வரணும். சூடா இருக்கும்போது வெட்டாதீங்க, உள்ள ஸ்டார்ச் இன்னும் இறுகலை, கத்தில பிசுபிசுன்னு ஒட்டி வேகலைன்னு நினைச்சுக்குவீங்க. குறைஞ்சது ஒரு மணி நேரம் கம்பித் தட்டுல ஆறட்டும்.

உங்க ஈஸ்ட் பழசா இருந்தா ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கொஞ்சத்தை சர்க்கரை போட்ட வெதுவெதுப்பான தண்ணில போட்டுப் பாருங்க, பத்து நிமிஷத்துல நுரைக்கலன்னா குப்பைக்கு.

அடுப்படிவாசி:
அண்ணே தேன் 25 கிராம் எனக்கு ஜாஸ்தி, பாதி போதும். கார்ன் பிரெட்ல இனிப்பு போடலாமா கூடாதான்னு அமெரிக்காவுல இன்னும் சண்டை ஓயல, தெற்குல பழைய ஆளுங்க சர்க்கரை, மைதா ரெண்டுமே தொட மாட்டாங்க, வடக்குல கேக் அளவுக்கு இனிக்கும். நான் தெற்குக் கட்சி. காஞ்ச இரும்புச் சட்டியில கொழுப்பு ஊத்தி, அது நல்லா சூடானதும் மாவை ஊத்தினா சொர்ர்ருனு ஒரு சத்தம் வரும் பாருங்க, அடியில வர்ற அந்த மொறுமொறுப்புக்கு சர்க்கரை எதுக்கு? ரொட்டிப்பிரியை, உங்க பழைய ரெசிப்பிக்கு இதை ஒரு தடவை பண்ணிப் பாருங்க. இன்னொண்ணு, மோர் ஊத்துறீங்கன்னா சமையல் சோடாவும் கொஞ்சம் சேரணும், ஒரு கப் மோருக்கு அரை டீஸ்பூன் போதும், கூடிப்போச்சுன்னா சோப்பு வாடை அடிக்கும், நிறமும் மங்கிடும்.

மாவுக்கை:
பேக்கிங் பவுடர் வகைக்கு நீங்க சொல்றது ஓகே. ஈஸ்ட் பிரெட்ல தேன் இனிப்புக்கு மட்டும் இல்ல, மேல்தோல் சிவக்குறதுக்கும் ஈரத்துக்கும் உதவும். பாதியா குறைச்சாலும் உப்பி வரும், அதுல ஒண்ணும் கெடாது.

நிலாமுற்றம்:
யாரும் சொல்லல, அதனால சொல்லிடுறேன். மக்காச்சோள மாவு விதைக்குள்ள இருக்கிற முளைக்கருவோட சேர்த்து அரைச்சதா இருந்தா அதுல எண்ணெய் இருக்கும், வெளிய வச்சா சீக்கிரம் சிக்கு வாடை வந்துடும், ஃப்ரீசர்ல வைங்க. ஆனா பண்ணின பிரெட்டை ஃப்ரிட்ஜ்ல வைக்காதீங்க, அந்தக் குளிர்லதான் ஸ்டார்ச் வேகமா இறுகி பிரெட் காஞ்சு போகும். ரெண்டு நாளைக்கு வெளிய மூடி வைங்க, அதுக்கு மேலன்னா ஸ்லைஸ் போட்டு ஃப்ரீசர்ல வச்சுட்டு தேவைப்படும்போது நேரா டோஸ்டர்ல போட்டுடலாம்.

ரொட்டிப்பிரியை:
பண்ணிட்டேன்! வளையுது! ஸ்லைஸ் மடிச்சுப் பாத்தேன், உடையல. சோள வாசம் நான் நினைச்சதை விடக் கம்மி, அது ஒண்ணுதான். அதுக்கு எதாவது வழி இருக்கா, அளவைக் கூட்டாம? அப்புறம் காலையில சூடா வேணும்னா ராத்திரியே பிசைஞ்சு ஃப்ரிட்ஜ்ல வைக்கலாமா?

மாவுக்கை:
வாசத்துக்கு, தண்ணி ஊத்துறதுக்கு முன்னாடி மக்காச்சோள மாவை வாணலியில எண்ணெய் இல்லாம சிறு தீயில வறுங்க, கமகமன்னு வாசம் வந்த உடனே இறக்கிடணும், நிறம் மாற விட்டா கசக்கும். வறுத்த மாவு கொஞ்சம் கூடுதலா தண்ணி கேக்கும், 10 கிராம் சேர்த்து ஊத்திக்கோங்க. டின்ல வெண்ணெய் தடவிட்டு அடியிலயும் பக்கத்துலயும் ரவை பதத்து மாவு ஒரு ஸ்பூன் தூவி வைங்க, வேகும்போது அதுவும் வறுபட்டு வாசம் குடுக்கும், தோலும் நறுக்குன்னு இருக்கும்.

ஃப்ரிட்ஜ் தாராளமா. பிசைஞ்சு அரை மணி நேரம் வெளிய விட்டு, எழும்ப ஆரம்பிச்சதும் மூடி உள்ள வச்சிடுங்க, ஈஸ்ட் ஒன்றரைக்குப் பதிலா ஒரு டீஸ்பூன் போதும். எட்டுலேர்ந்து பன்னெண்டு மணி நேரம் தாங்கும், ருசியும் கூடும். காலையில ஜில்லுனு இருக்கும்போதே சுருட்டுங்க, ஒட்டாம ஈஸியா வரும். ஆனா டின்ல எழும்ப ஒன்றரை, ரெண்டு மணி நேரம் ஆகும், அதனால காலைச் சாப்பாட்டுக்குன்னா சீக்கிரம் எழுந்திருக்கணும், அதுக்கு என்கிட்ட வழி இல்ல.